மார்கழி வெயிலுக்கு ஒரு பரீட்சை

அத்தியாயம் 14

சாந்தம்மாவுக்குத் திமிர் என்று ஊரில் பேச்சு. அந்தத் திமிர் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவளுடைய அரை ஏக்கர் ரோஜா எப்போதோ விறகாகிப் போயிருக்கும். இதை ஊர் சொல்லாது, நான் சொல்கிறேன்.

இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறீர்கள் என்றால் இவ்வளவு போதும். ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகிற வழியில் திம்மராயன் வீடு. அவன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவன் மனைவி சாந்தம்மா. பக்கத்து வீட்டில் அண்ணன் தீர்த்தகிரியும் அண்ணி கெம்பம்மாவும். நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் கரண்ட் மோட்டார் அண்ணனுடையது.

போன சித்திரையில் சாந்தம்மா எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று எட்டு நாள் தண்ணீரை நிறுத்தினார் தீர்த்தகிரி. ரோஜாச் செடியில் பாதி கருகியது. அவள் அழவில்லை. மின்சார ஆபீசுக்கு நடந்தாள். புதுக் கனெக்‌ஷனுக்கு வரிசையில் பத்து வருஷம் நிற்க வேண்டும் என்றார்கள். அந்த ஆபீஸ் சுவரிலேயே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சூரிய ஒளியில் ஓடும் பம்புக்கு சர்க்கார் மானியம். எழுதிப் போட்டாள். ஆவணியில் நாலு கண்ணாடிப் பலகையும் ஒரு பம்பும் வந்து இறங்கின.

சர்க்கார் சும்மா தருமா? சித்திரை வெயிலில் எந்தப் பலகையும் ஓடும், மார்கழியில் ஓடிக் காட்டு என்பதுதான் அந்தத் திட்டம். தொட்டியில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். குளிர் காலத்தில் மூன்று நாள் வந்து பார்ப்பார்கள். ஒரு நாளாவது மாலை நாலு மணிக்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டால் மானியம் உறுதி, பலகை அவளுக்கே. மூன்று நாளும் தொடாவிட்டால் பலகை லாரி ஏறி வேறு ஊருக்குப் போய்விடும்.

இரண்டு நாள் தோற்றாயிற்று. இன்று மூன்றாவது நாள்.

*

காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றால் எதிர்ப்பக்கத்துப் புங்கமரம் தெரியவில்லை. அப்படி ஒரு பனி. பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னிக்கும் இப்படியே மூடிக்கிட்டு இருந்தா என்ன பண்ணுவ?" என்றான் திம்மராயன். அவனுடைய இடது கையில் கட்டு. பதினைந்து நாளைக்கு முன்னால் பிரஸ் மிஷினில் இரண்டு விரல் நசுங்கி, லீவில் இருக்கிறான்.

"பனின்னா விலகத்தான் செய்யும். நீங்க போய் மூஞ்சி கழுவுங்க."

"விலகலன்னா?"

"விலகாதப்ப பேசிக்கலாம். வெறும் வயித்துல என்ன கேள்வி."

திம்மராயன் கெட்டவன் இல்லை. பதினோரு வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை தடித்துச் சொன்னதில்லை. ஆனால் அண்ணன் எதிரில் நின்றால் மட்டும் அவனுக்கு வயது பன்னிரண்டு ஆகிவிடும். தீர்த்தகிரியிடம் அவன் முடியாது என்று சொல்லி சாந்தம்மா கேட்டதே கிடையாது. அந்தக் கோபம் அவளுக்கு உண்டு. இன்று அதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ள நேரமில்லை.

தோட்டத்துக்குப் போனாள். செடி நிறைய மொட்டு. தை பிறந்தால் பெங்களூர் மார்க்கெட்டில் கல்யாண மாலைக்கு ரோஜா தேடுவார்கள். இந்தப் பத்து நாள் தண்ணீர் தவறினால் மொட்டு விரியாமலே கறுத்துவிடும். அப்புறம் மறுபடியும் தீர்த்தகிரி மாமாவின் மோட்டார் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்குப் பதில் செடியைத் தானே பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. தர்மபுரி ஆபீசிலிருந்து வரும் மூர்த்தி, காதைச் சுற்றி மப்ளரோடு இறங்கினார். திருநெல்வேலிக்காரர். இந்தக் குளிர் அவருக்கு ஆகாது.

"என்ன ஊருய்யா இது. வாயத் திறந்தா புகை வருது."

"வாங்க சார். காப்பி குடிங்க."

"காப்பி குடுத்தா ரிப்போர்ட்ட மாத்தி எழுதிருவேன்னு நினைக்காதீங்கம்மா."

"காப்பி குளிருக்கு சார். ரிப்போர்ட்டுக்குன்னா பிரியாணியே போட்டிருப்பேன்."

மூர்த்தி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தொட்டி காலியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆள் நல்லவர்தான், ஆனால் கறார்.

பம்பைப் போட்டார்கள். குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தது. பனிக்குள் எங்கேயோ சூரியன் இருந்தது. இருக்கிறது என்று நம்பத்தான் வேண்டியிருந்தது.

*

பத்து மணிக்கு மேல் தீர்த்தகிரி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. வந்தவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எதுக்கு சார் இந்தப் பாடு? வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. எங்கிட்ட அஞ்சு எச்பி மோட்டார் இருக்குது. என் தம்பி தோட்டத்துக்கு நான் தண்ணி விட மாட்டேனா?"

"போன சித்திரையில பாத்தோமே மாமா, நீங்க விட்ட லட்சணத்த," என்றாள் சாந்தம்மா.

"பாத்தீங்களா சார், பேச்ச. ராயா, உன் பொண்டாட்டிய வாய மூடச் சொல்லு."

திம்மராயன் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாந்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் என்று ஒருத்தன் பக்கத்தில் நிற்கிறான், கல்லுப்பிள்ளையார் மாதிரி.

பத்தரைக்குப் பனி விலகியது. வெயில் பளீரென்று விழுந்தது. குழாயில் தண்ணீர் கொஞ்சம் தடித்தது. பெருவிரல் தடிமன். ஆனால் பதினொன்றரைக்கு மறுபடியும் மெலிய ஆரம்பித்தது. மேகம் இல்லை, பனி இல்லை. வெயில் காய்கிறது, தண்ணீர் குறைகிறது. இது என்ன கூத்து?

போன இரண்டு தடவையும் இதே கதைதான். பனிதான் காரணம் என்று அவள் நினைத்திருந்தாள்.

மூர்த்தி தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தார். "கால் தொட்டி கூட இல்லயேம்மா. மத்தியானத்துக்கு மேல வெயில் இறங்கத்தான செய்யும்? இதுக்கு மேல எப்படி நிறையும்?" பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். "எனக்கும் வருத்தம்தான். என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்குது சார்."

"இருக்கு. நான் எங்கயும் போகல. ஆனா மனச திடப்படுத்திக்கோங்க."

தீர்த்தகிரி சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவர் பார்க்கக்கூடாது. திரும்பிய பக்கம் கெம்பம்மா நனைந்த கம்பளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போவது தெரிந்தது. கிழக்குப் பக்கக் கொடியில் கிடந்ததை எடுத்துக் கொண்டுபோய்த் தெற்குச் சுவர்ப் பக்கம் போட்டாள்.

"ஏக்கா, அங்க கொண்டு போறீங்க?" என்று சும்மாதான் கேட்டாள் சாந்தம்மா.

"இது என்ன கேள்வி? மார்கழியில தெக்குச் சுவத்துப் பக்கம் போட்டாத்தான கம்பளி காயும். நீ எங்க போடுவ?"

அவளும் அங்கேதான் போடுவாள். வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு மார்கழியும் அவள் வீட்டுத் துணியும் தெற்குச் சுவரில்தான் காய்கிறது. மார்கழிச் சூரியன் உச்சிக்கு வருவதில்லை, தெற்கே சாய்ந்தே போகும். இது இந்த ஊரில் துணி துவைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

சாந்தம்மா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். பலகை கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றது.

ஐயோ, நான் ஒரு முட்டாள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

*

அதைக் கிழக்கே திருப்பியது யார் தெரியுமா? வேறு யாரும் இல்லை. சாந்தம்மாவேதான்.

ஆவணியில் பம்பு மாட்டிய இன்ஜினியர் பலகையைத் தெற்கே பார்க்க நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தவளுக்குப் பகீரென்றது. தெற்கு எமன் திசை. தலைவாசல், சாமி விளக்கு, எல்லாம் கிழக்கே பார்க்கிற வீடு இது. சூரியனே கிழக்கேதான் வருகிறான். அவனுக்கு முகத்தைக் காட்டாமல் எமனுக்கா காட்டுவது? புருஷனைக் கூப்பிட்டு ஸ்பானர் போடச் சொல்லி அன்றைக்கே திருப்பிவிட்டாள். புரட்டாசி, ஐப்பசியில் தண்ணீர் குறைவில்லாமல் வந்தது. மார்கழியிலோ காலை வெயிலைப் பனி தின்றுவிடுகிறது, மத்தியான வெயில் பலகைக்குப் பக்கவாட்டில் போகிறது. பலகை என்ன செய்யும்?

நேராக மூர்த்தியிடம் போனாள். "சார், உங்க புஸ்தகத்துல பலகை எந்தப் பக்கம் பாக்கணும்னு போட்டிருக்குது?"

"நான் தொட்டி பாக்க வந்தவன்மா. அதெல்லாம் இன்ஜினியர் வேலை." ஆனாலும் பையைத் துழாவி ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "தெக்குன்னுலா போட்டிருக்கு. இத யாரு திருப்புனா?"

"நான்தான் திருப்புனேன். தப்பு என்னுது. இப்ப சரி பண்ணப் போறேன்."

"டெஸ்ட் நடக்கும்போது கை வைக்கக்கூடாதும்மா. ரூல் இருக்கு."

"தப்பா நிக்கறத தப்பாவே நிக்க வெச்சு டெஸ்ட் பண்ணணும்னு ரூல் இருக்குதா சார்? இருந்தா படிச்சுக் காட்டுங்க."

மூர்த்தி புத்தகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு ரூல் அதில் இல்லை. "நடந்தத நடந்தபடி எழுதுவேன். பன்னெண்டு மணிக்கு திருப்புனாங்கன்னு எழுதுவேன்."

"எழுதுங்க. என் பேரையும் போட்டு எழுதுங்க."

இதற்குள் தீர்த்தகிரி குறுக்கே வந்துவிட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வரும். "பேடா சாந்தம்மா, வேண்டாம். பேடா. தெக்கு எமன் வாசல். பதினஞ்சு நாளைக்கு முன்னாடிதான் என் தம்பி ரெண்டு விரல மிஷின்ல குடுத்துட்டு வந்திருக்கான். அடுத்தது அவன் தலையா? தண்ணிக்காக தாலிய அறுத்துக்குவியா?"

சொல்லக்கூடாத வார்த்தை. சொல்லிவிட்டார்.

பயம் சாந்தம்மாவுக்கும் இருந்தது. இல்லாவிட்டால் ஆவணியில் திருப்பியிருப்பாளா? ஒரு கணம் திம்மராயனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"விரல் நசுங்குனப்ப பலகை கிழக்கதான மாமா பாத்துக்கிட்டு இருந்துச்சு? கிழக்கு காப்பாத்துச்சா? மிஷினுக்குக் காவல் கம்பி போடாம ஓட்டச் சொன்னாங்க, நசுங்குச்சு. அதுக்கு எமன எதுக்கு இழுக்கறீங்க?" திம்மராயன் பக்கம் திரும்பினாள். "ஸ்பானர் எங்க வெச்சீங்க?"

அவன் அசையவில்லை. அண்ணனைப் பார்த்தான். சாந்தம்மா காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது ஒரு வருஷம்.

திம்மராயன் வீட்டுக்குள் போனான். ஸ்பானரோடு வந்தான்.

"ராயா," என்றார் தீர்த்தகிரி.

"வந்துட்டேண்ணா," என்று சொல்லிவிட்டு, அண்ணனைத் தாண்டிப் போய்ப் பலகை நிற்கிற கம்பத்தடியில் உட்கார்ந்து நட்டைத் தளர்த்த ஆரம்பித்தான். அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

நாலு நட்டும் தளர்ந்தன. நாலு பலகையும் இரும்புச் சட்டமும் சேர்ந்து நல்ல கனம். அவனுக்கு ஒரு கை. சாந்தம்மா தோளைக் கொடுத்து முட்டினாள். சட்டம் அசைய மறுத்தது. மூர்த்தி ஒரு அடி முன்னால் வந்தார், ரூல் ஞாபகம் வந்து நின்றுகொண்டார்.

மறு பக்கத்தில் யாரோ வந்து சட்டத்தைப் பிடித்தார்கள். கெம்பம்மா. கையில் இன்னும் கம்பளி ஈரம்.

"கெம்பீ, உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் தீர்த்தகிரி.

"கரண்ட் இல்லாத நாள்ல இவ தொட்டியிலதான் நான் துணி தொவைக்கறேன். நீங்களா தொவைச்சுத் தர்றீங்க?" என்றாள் அவள், புருஷன் முகத்தைப் பார்க்காமலே. "ம், தள்ளு சாந்தா."

சட்டம் கிறீச்சென்று திரும்பியது.

*

பன்னிரண்டே காலுக்குக் குழாய் ஒரு தடவை இருமியது. அப்புறம் தண்ணீர் வந்தது பாருங்கள், மணிக்கட்டுத் தடிமனுக்கு. தொட்டிச் சுவரில் மோதித் தெறித்து மூர்த்தியின் பேண்ட்டை நனைத்தது. அவர் நகர்ந்துகொள்ளவில்லை.

"ஏ அப்பா," என்றார் அவர்.

ஒரு மணி, இரண்டு மணி. யாரும் சாப்பிடப் போகவில்லை. கெம்பம்மா களியும் கீரைக்குழம்பும் கொண்டு வந்தாள். தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டே தின்றார்கள். மூர்த்தியும் தின்றார். களியை மென்று தின்னப் பார்த்தவரிடம், "முழுங்குங்க சார்," என்று சாந்தம்மா சொல்லிக் கொடுத்தாள்.

தீர்த்தகிரி மட்டும் தன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றரைக்கு வெயில் மஞ்சளாயிற்று. தண்ணீர் மெலிந்தது. மூன்றே முக்கால். சாந்தம்மா தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மணிக்கு மூர்த்தி வாட்சைப் பார்த்தார். குச்சியை விட்டார்.

கோட்டுக்கு நாலு விரல் குறைவு.

பாழாய்ப்போன காலை நேரம் முழுவதையும் சாந்தம்மா தன் கையாலேயே வீணடித்திருக்கிறாள். அதை யார் மேல் போடுவது?

"நிறையலைல்ல?" என்று அங்கிருந்தே கேட்டார் தீர்த்தகிரி. "எழுதிடுங்க சார்."

மூர்த்தி எழுதினார். நிறைய எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "பன்னெண்டே காலுல இருந்து நாலு மணிக்குள்ள அரைத் தொட்டிக்கு மேல ஏறியிருக்கு. காலைல இருந்து சரியா நின்னிருந்தா கோட்டத் தாண்டியிருக்கும். அதத்தான் எழுதியிருக்கேன். தவறான திசையில நிறுத்தினதால இன்னொரு டெஸ்ட் குடுக்கலாம்னு சிபாரிசு. வியாழக்கிழமை வாரேன்."

சாந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இருங்க, கும்பிட வேண்டாம். மறு டெஸ்ட்டுக்கு நில உரிமைக்காரங்க சம்மதம் வேணும். பட்டாவுல ரெண்டு பேரு இருக்கு. ரெண்டு கையெழுத்து." ஃபாரத்தை நீட்டினார். "மொதல்ல மூத்தவர்."

தீர்த்தகிரி எழுந்து வந்தார். ஃபாரத்தை வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார்.

"என் நிலத்துல எமன் பக்கம் பாத்துக்கிட்டு ஒண்ணு நிக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சாந்தம்மா வாயெடுத்தாள். அதற்கு முன்னால் திம்மராயன் பேசினான்.

"அப்படின்னா பாகம் பிரிச்சுடலாம்ணா."

மெதுவாகத்தான் சொன்னான். கெம்பம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடா சொன்ன?"

"பாகம் பிரிச்சுடலாம். என் பங்குல நிக்கற பலகைக்கு நான் ஒருத்தன் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?" தீர்த்தகிரியின் கண் சாந்தம்மா மேல் இருந்தது.

"அவ கேக்கல. கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நான்தான் சொல்றேன்."

"அப்பன் பிரிக்காத நிலம்டா இது."

"அப்பா யாருக்கும் தண்ணிய நிறுத்துனதில்லண்ணா."

தீர்த்தகிரியின் முகம் சாம்பல் பூத்தது. கையிலிருந்த ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று போய் மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். பாகலூர் ரோட்டில் அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார்.

"ஏங்க, இருக்கறது அது ஒண்ணுதாங்க," என்று மூர்த்தி பின்னால் நாலு எட்டு ஓடினார். மொபெட் புகைதான் மிஞ்சியது. திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ரிப்போர்ட்டும் அதுலதான இருக்கு. இனி என்னம்மா செய்ய?"

"அவரே வெச்சுக்கட்டும் சார். நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்றோம். புது ஃபாரம் எடுத்து வைங்க, இன்னிக்கு எழுதுனத அப்படியே எழுதிக் குடுங்க. பாகம் பிரிச்சா இவர் ஒருத்தர் கையெழுத்து போதுமான்னும் அங்கயே கேட்டுக்கறோம்," என்றாள் சாந்தம்மா. சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். வர்றோம் என்று அவனையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பதினோரு வருஷத்தில் அப்படிச் சொல்ல அவளுக்கு வாய்த்ததில்லை.

திம்மராயன் ஸ்பானரை எடுத்தான். குனிந்து, ஒற்றைக் கையால் நாலாவது நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.

"தர்மபுரிக்கு மொத பஸ் அஞ்சரைக்கு," என்றான்.